எட்டு ஆபத்துகளையும் எழுதத் தெரிந்தவன்: பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிறுநகரத்து மேல்நிலைப் பள்ளியில் நடந்தது இது. ஆகஸ்ட் முதல் அடுத்த ஜூன் வரை பள்ளியின் மனநல ஆலோசகர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து, மாணவன், பெற்றோர் ஆகியோரின் ஒப்புதலோடு பதிவுசெய்யப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

மாணவனுக்கு அப்போது 15 வயது 10 மாதம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500-க்கு 441 எடுத்தவன். பதினொன்றில் கணிதம், உயிரியல் உள்ள முதல் பிரிவில் சேர்ந்தான். தந்தை அரிசி ஆலையில் எடை பார்க்கும் கணக்கர். தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் தங்கை ஒருத்தி.

வீட்டில் 125 சிசி பைக் ஒன்று உண்டு. ஆலை பக்கத்துத் தெருவிலேயே இருப்பதால் தந்தை நடந்துதான் போவார். வண்டி நாள் முழுக்க வாசலில் நிற்கும். சாவி நிலைக்கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் தந்தையே ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மாவு அரைக்க, தாய்க்கு நூலும் பட்டனும் வாங்கிவர, தங்கையைப் பாட்டு வகுப்பில் விட என்று வீட்டு வேலை பாதி அவன் ஓட்டுவதை நம்பியே நடந்தது.

ஜூலை முதலே வகுப்பாசிரியர் மூன்று குறைகளைக் குறித்து வைத்திருந்தார்: முதல் பாடவேளையில் தூங்குகிறான், இயற்பியல், வேதியியல் ரெக்கார்டு நோட்டுகளை நாள் தவறி வைக்கிறான், கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு திங்கள் இரவு, கணக்கு டியூஷன் முடிந்து 8 மணிக்கு மேல், அவன் ஓட்ட, நண்பர்கள் இருவர் பின்னால் ஏறப் புறவழிச்சாலைக்குப் போனார்கள். டிராக்டர் ஒன்றை முந்தும்போது எதிரே கார் விளக்கு தெரிந்தது. பதறி பிரேக் அடித்ததில் பின்சக்கரம் சறுக்கியது. நடுவில் இருந்தவனுக்கு வலது முன்கை எலும்பு முறிந்தது. மற்ற இருவருக்கும் சிராய்ப்பு. மூவரில் ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.

அன்று இரவு தந்தை அவனை பெல்ட்டால் அடித்தார். மறுநாள் தலைமையாசிரியர் டி.சி. கொடுத்துவிடலாம் என்றார். ஆலோசகரிடம் ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று வகுப்பாசிரியர் கேட்டுக்கொண்டதால் முடிவு பத்து நாள் தள்ளிவைக்கப்பட்டது.

முதல் இரண்டு வாரங்களில் கவனித்தவை

முதல் அமர்வு 40 நிமிடம். விபத்தைப் பற்றி நேராகக் கேட்காமல், ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "ராத்திரியில மூணு பேரா பைக்ல போனா என்னென்ன ஆகலாம்னு எழுதுப்பா" என்றார் ஆலோசகர். நான்கு நிமிடத்தில் எட்டு வரி எழுதினான். பிரேக் பிடித்தால் எடை முன்னால் தள்ளும், எதிர்வண்டி விளக்கில் கண் கூசும், தலையில் அடிபடும், லைசென்ஸ் இல்லாததால் இன்சூரன்ஸ் கிடைக்காது, அப்பாவுக்கு அபராதம் என்று வரிசையாக இருந்தது. பெரியவர்கள் பலருக்கு அந்தப் பட்டியல் வராது.

"இதுல எது அன்னைக்கு வண்டி எடுக்கறப்ப மனசுல வந்துச்சு?"

தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணும் வரல மேடம். பசங்க ஏறுனானுங்க, எடுத்துட்டேன்."

இந்தப் பதிலை ஆலோசகர் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பில் முக்கியச் சான்றாகவே குறித்துக்கொண்டார். அதற்கேற்ற இன்னொரு தகவல் தாயிடமிருந்து வந்தது. தனியாகக் கடைக்குப் போகும்போது சொல்லாமலே ஹெல்மெட் மாட்டிக்கொள்வானாம். "எங்க வீட்டுக்காரரை விட மெதுவாத்தான் போவான்" என்றார். அதே பையனை நண்பர்களோடு மூன்று முறை பார்த்ததாக வகுப்பாசிரியர் சொன்னார். மூன்று முறையும் ஹெல்மெட் இல்லை. மூன்று முறையும் வேகம். வண்டியும் ஓட்டத் தெரிந்த கையும் ஒன்றுதான். மாறியது பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே.

அடுத்ததாக 14 நாள் தூக்கப் பதிவேடு. படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், மாலைக்கு மேல் குடித்த டீ, படுக்கையில் போன் பார்த்தானா என்று ஐந்தே கட்டங்கள். இயற்பியல் டியூஷன் வாரத்தில் ஆறு நாள் காலை 5:30-க்கு. அதற்காக 4:45-க்கு அலாரம். தூங்கியதோ சராசரியாக நள்ளிரவு 12:15-க்கு. ஆக டியூஷன் நாட்களில் நாலரை மணி நேரத் தூக்கம். ஞாயிறுகளில் ஒரு மணிக்குத் தூங்கிப் பதினொன்றுக்கு எழுந்தான். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நாளுக்கு 5 மணி 17 நிமிடம்தான் வந்தது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் தந்த பரிந்துரை.

முதலில் விலக்க வேண்டியவை

வளரிளம் பருவத்தில் எது நடந்தாலும் "மூளை வளர்கிறது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவது, "திமிர்" என்று சொல்லிவிடுவதைப் போலவே ஆபத்தானது. அதனால் நான்கு விஷயங்கள் முதலில் பார்க்கப்பட்டன.

மனச்சோர்வுக்கான வளரிளம் பருவ வினாத்தாள் கொடுக்கப்பட்டது. சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்பதும் நேராகவே கேட்கப்பட்டது. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. இல்லை என்றான். ஆனாலும் 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் மாணவனுக்கும் தாய்க்கும் எழுதிக் கொடுக்கப்பட்டது. மது, புகையிலை, கூல் லிப் பழக்கம் எதற்கும் அறிகுறி இல்லை. கவனக்குறைவு மிகைச்செயல் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) இருக்குமோ என்று வகுப்பாசிரியர் கேட்டார். அதற்கான அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான மதிப்பீட்டு அட்டைகளைத் தாய் கொண்டுவந்து காட்டினார். ஒன்றில்கூட அப்படியொரு குறிப்பு இல்லை.

நான்காவது, ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.8 கிராம். 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் குடற்புழு மாத்திரையும் மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார். சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொன்னார், ஏனென்றால் டீயில் உள்ள டானின் இரும்பை உடலில் சேரவிடாது. முதல் பாடவேளைத் தூக்கத்தில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

அந்த வயதில் தலைக்குள் நடப்பது

முடிவுகளின் காரணம் புரிய இந்தப் பகுதி தேவை. ஆறு வயதிலேயே மூளையின் அளவு ஏறக்குறைய 95 சதவீதம் வந்துவிடுகிறது. அதன்பின் நடப்பது பெரும்பாலும் ஒழுங்குபடுத்தும் வேலை. ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த மூளை ஆய்வாளர் ஜே கீட் குழுவினர் 1999-இல் வெளியிட்டது இது: நெற்றிப் பகுதியின் சாம்பல்நிறப் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த பகுதி) குழந்தைப் பருவத்தில் கூடிக்கொண்டே போய், பெண்களுக்குச் சுமார் 11, ஆண்களுக்குச் சுமார் 12 வயதில் உச்சம் தொட்டு, பிறகு குறைகிறது. குறைவது என்றால் கெடுவது என்று பொருளில்லை. அதிகம் பயன்படாத இணைப்புகள் கழிகின்றன. பயன்படும் நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை ஏறுகிறது. செய்தி வேகமாகப் போகிறது. இந்த வேலை மூளையின் பின்புறத்திலிருந்து முன்னோக்கி நகர்வதை 2004-இல் வெளியான தொடராய்வு காட்டியது. திட்டமிடுதல், கையை நிறுத்துதல், பின்விளைவை எடைபோடுதல் ஆகியவற்றுக்கான முன்நெற்றிப் புறணி கடைசி வரிசையில் வருகிறது. அது இருபதுகளின் நடுப்பகுதி வரை போகிறது.

பரிசு, பரபரப்பு, பாராட்டு ஆகியவற்றுக்குத் துள்ளும் டோபமைன் வலைப்பின்னலோ பூப்புப் பருவத்திலேயே கூர்மையாகிவிடுகிறது. அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும் திறனும் 16 வயதை ஒட்டிப் பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயதுக்குட்பட்ட 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது இது. உணர்ச்சி ஏறியிருக்கும்போதும் கூட்டாளிகள் நடுவிலும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் அதற்கும் பல ஆண்டுகள் பின்னால்தான் வருகிறது.

உளவியல் ஆய்வாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் செய்த சோதனை இந்த மாணவனுக்காகவே செய்ததுபோல் இருக்கும். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதுதான் அளவு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதற்கும் நண்பர்கள் பக்கத்தில் நிற்க ஆடியதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை.

ஆக, அவன் எழுதிய எட்டு வரியும் உண்மை, "ஒண்ணும் வரல" என்பதும் உண்மை. ஒன்பதாவது ஆபத்தைச் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை. அறிவுரை போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்தில் எடுபடவில்லை, அவ்வளவுதான். இனி அந்த நேரத்தைத்தான் மாற்ற வேண்டும் என்பதே ஆலோசகரும் ஆசிரியர்களும் சேர்ந்த குழுவின் நிலை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டி.சி. இல்லை. தலைமையாசிரியர் இதை எளிதில் ஏற்கவில்லை. மற்ற மாணவர்களுக்குப் பயம் போய்விடும் என்றார். பல மாதங்கள் கழித்துத் தெரியப்போகும் பெரிய தண்டனை, வண்டி எடுக்கும் அந்தப் பத்து விநாடியில் எந்தப் பிள்ளைக்கும் நினைவில் வராது என்பதை ஆலோசகர் விளக்கினார். உடனே தொடங்குகிற, தவறோடு நேரடித் தொடர்புள்ள கடமை ஒன்றை முன்வைத்தார். கை முறிந்தவனால் எழுத முடியாது. கட்டுப் பிரிக்கும்வரை அவனுடைய எல்லாப் பாட நோட்டுகளையும் இவன் எழுதித் தர வேண்டும். தந்தையும் மகனும் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும், மருத்துவச் செலவைத் தந்தை ஏற்க வேண்டும். ஒப்புக்கொண்டார்கள்.

சாவி. "ஊர்ல எல்லாப் பசங்களுந்தான் ஓட்றானுங்க மேடம். எடுக்காதன்னு கண்டிச்சு வைக்கிறேன்" என்றார் தந்தை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது: சிறார் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. ஆனாலும் "கண்டிப்பது" போதாது என்பதில் குழு உறுதியாக இருந்தது. ஆணியையே பிடுங்கிவிட்டார்கள். தந்தை வண்டியிலேயே ஆலைக்குப் போகத் தொடங்கினார். மாற்றுச் சாவி தாயின் பீரோவுக்குள் போனது. வீட்டு வேலைக்கு ஒரு பழைய சைக்கிளைப் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள். மனவுறுதியை நம்ப வேண்டிய இடமே இல்லாமல் செய்வதுதான் நோக்கம்.

நண்பர்கள். "அவனுங்களோட சேராதே" என்று சொல்லக்கூடாது என்பது ஆலோசகர் வற்புறுத்திய ஒன்று. அந்த வயதில் ஒதுக்கப்படுவது உண்மையான வலி. தடை போட்டால் நட்பு போகாது, வீட்டில் அதைச் சொல்லும் பழக்கம்தான் போகும். அதற்குப் பதிலாக, கூச்சப்படாமல் மறுக்க ஒரே ஒரு வாக்கியம்: "சாவி அம்மாகிட்ட மச்சான், நடந்தே போலாம் வா." ஆலோசகர் நண்பனாக நடித்து வற்புறுத்த, அவன் இதைச் சொல்ல வேண்டும். நான்கு அமர்வுகளில் பல முறை ஒத்திகை நடந்தது. முதல் தடவை சிரித்துவிட்டான். நாலாவது அமர்வில் வாக்கியம் தானாகவே வந்தது. சூடான நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய சொல்லை, ஆறிய நேரத்தில் வாயில் பழக்கி வைப்பது இது. கூடவே பி.டி. ஆசிரியர், மாலை 4:30 முதல் 5:30 வரை எட்டாம் வகுப்பு வாலிபால் அணிக்கு இவனையும் அதே நண்பர்களையும் பயிற்சியாளர்களாகப் போட்டார். கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்ற அதே உந்துதல் இங்கே நல்லதற்கு உதவியது.

தூக்கம். இயற்பியல் ஆசிரியரிடம் பேசி, செவ்வாய், வியாழன், சனி மாலையில் இரண்டு மணி நேர வகுப்புக்கு மாற்றினார்கள். பூப்புக்குப் பிறகு, தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கும் நேரம் தள்ளிப்போகிறது. தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் போன்றோரின் பல ஆண்டு ஆய்வுகள் காட்டியது இது. குழந்தையாக இருந்தபோது வந்த தூக்கம் இப்போது ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பிந்தித்தான் வரும். காலை 5:30 டியூஷன் அந்தத் தூக்கத்தின் கடைசிப் பகுதியைத் தினமும் வெட்டிக்கொண்டிருந்தது. எழும் நேரம் 6 மணி என்று முடிவானது.

வீட்டுப் பேச்சு. இரவு 9 மணிக்கு மேல் படிப்பையோ வண்டியையோ பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது. பேச வேண்டியது ஞாயிறு காலை, பத்து நிமிடம் மட்டும். அடி கூடவே கூடாது. அடிபட்ட இரவைப் பற்றிக் கேட்டபோது மாணவனுக்கு நினைவிருந்தது பெல்ட்டின் கொக்கி மட்டுமே. அப்பா என்ன சொன்னார் என்பதில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

பிறகு நடந்தது

தூக்கத் திட்டம் முதல் வாரத்திலேயே தோற்றது. குழுவின் பிழைதான். இரவு 10 மணிக்கே படுக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் புரண்டுவிட்டு, எழுந்து போனை எடுத்துவிட்டான். உடற்கடிகாரம் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் நகராது. திட்டம் திருத்தப்பட்டது: மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால். 12:15-லிருந்து 10:30-க்கு வர ஏழு படி, 21 நாள். எழுந்ததும் மொட்டை மாடியில் 20 நிமிடம் வெளிச்சம். மாலை 4 மணிக்கு மேல் டீ இல்லை. போன் சார்ஜர் கூடத்தில். தந்தையின் போனும் அங்கேயே, இல்லாவிட்டால் அது அவனுக்கு மட்டுமான தண்டனையாகிவிடும். ஞாயிறு எழுவது 7:30-ஐத் தாண்டக்கூடாது. ஞாயிறு பதினொன்று வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, அந்த வாரம் முழுவதும் கெடும்.

அக்டோபர் இறுதியில் மீண்டும் 14 நாள் பதிவேடு. சராசரி 7 மணி 5 நிமிடம். எட்டை எட்டவில்லை. ஆனால் முதல் பாடவேளைத் தூக்கம் நின்றுவிட்டது. எதிர்த்துப் பேசுவது குறைந்ததாக வகுப்பாசிரியர் தானாகவே எழுதினார். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 13.2.

நோட்டு எழுதிக் கொடுத்த வாரங்களில் எதிர்பாராத ஒன்று நடந்தது. நண்பனுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இவன் பாடத்தைக் கவனித்து, படங்களைப் பெரிதாக வரைந்து, ஓரத்தில் குறிப்புப் போட்டிருந்தான். சொந்த நோட்டில் அவன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. இதைப் பார்த்த வேதியியல் ஆசிரியர், ரெக்கார்டு வேலையையும் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தார்: திங்கள் படம், புதன் அட்டவணை, வெள்ளி கணக்கீடு. முன்பெல்லாம் "அடுத்த வாரத்துக்குள் ரெக்கார்டு" என்பதே கட்டளை. அரையாண்டுத் தேர்வுக்கு முன் எல்லா ரெக்கார்டும் கையெழுத்தாகிவிட்டன. இயற்பியலில் முதல் இடைத்தேர்வில் 41 சதவீதம், அரையாண்டில் 56. மற்ற பாடங்களில் பெரிய மாற்றமில்லை.

ஜனவரியில் சறுக்கல். பொங்கலுக்கு மாமா ஊருக்குப் போனவன், காணும் பொங்கலன்று மாமா மகனின் வண்டியை எடுத்து, இருவரைப் பின்னால் ஏற்றி, ஆற்றங்கரை வரை ஓட்டியிருக்கிறான். அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. யாரும் பார்க்கவுமில்லை. திரும்பி வந்த வாரம் ஆலோசகரிடம் அவனே சொன்னான். "சாவி அம்மாகிட்டன்னு சொல்ல முடியல மேடம். சாவி அவன் கையிலயே இருந்துச்சு." தந்தைக்குத் தெரிந்தபோது கோபம் வந்தது, ஆனால் ஞாயிறு வரை பொறுத்திருந்து பேசினார். இந்த நிகழ்வில் மாறிய பெரியவர் அவர் என்பதைக் கோப்பு தனியாகக் குறிக்கிறது.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

பொங்கல் பயணம் காட்டியது திட்டத்தின் ஓட்டையைத்தான். சாவி, ஆணி, பீரோ எல்லாம் ஒரே வீட்டுக்குப் பொருந்தியவை. ஒத்திகை பார்த்த வாக்கியமும் அந்த வீட்டுச் சாவியையே நம்பியிருந்தது. பண்டிகை, திருவிழா, கல்யாணவீடு போன்ற ஊர்மாற்றங்களுக்கு முன் தனியாக ஓர் அமர்வு வைத்து, அங்கே யார் வண்டி, யார் கையில் சாவி, யார் கூட வருவார்கள் என்று கேட்டு, அதற்கேற்ற வேறு வாக்கியம் பழகியிருக்க வேண்டும். மாமாவிடம் தந்தை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிப்ரவரியில் புதிய வாக்கியம் ஒன்றை அவனே தேர்ந்தெடுத்தான்: "பின்னாடி உக்காந்துக்கிறேன்டா, ஒருத்தன் மட்டும் வா." இது முழுத் தீர்வில்லை. ஓட்டுபவனும் சிறுவனாக இருந்தால் ஆபத்து அப்படியேதான் இருக்கும் என்பது அவனிடம் பேசப்பட்டது.

ரத்தப் பரிசோதனை முதல் வாரத்திலேயே நடந்திருக்க வேண்டும். பத்து நாள் தாமதமானது. தூக்க நேரத்தைச் சிறு படிகளாக நகர்த்துவது தெரிந்த முறைதான், அதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் ஒரு வாரமும் அவன் நம்பிக்கையும் வீணாகியிருக்காது. பெற்றோரிடம் மூளை வளர்ச்சியை விளக்கும்போது "25 வயது வரை மூளை முழுசா வளராது" என்று சொன்னது தவறான சொல்லாட்சி. அதைப் பிடித்துக்கொண்டு தாய் ஒருமுறை, அப்படியென்றால் இவனைக் கேட்டு என்ன பயன் என்றார். அந்த வயதில் ஒரு கோடு கிழித்ததுபோல் எதுவும் முடிவதில்லை. பிள்ளைக்குப் பிள்ளை வேகம் மாறும். ஒரு பையன் என்ன செய்வான் என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. ஆறிய நேரத்தில் அவனால் நன்றாக யோசிக்க முடியும், அதனால் விதிகளை வகுக்கும்போது அவனையும் உட்காரவைத்துக் கேட்கத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று ஜூன் மாதம் கோப்பை மூடும்போதுதான் கண்ணில் பட்டது. அன்று வண்டியில் இருந்தவர்கள் மூன்று பேர். கோப்பு ஒருவனுக்கு மட்டுமே திறந்திருந்தது. கை முறிந்தவனை நோயாளியாகப் பார்த்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தவனை யாரும் கூப்பிட்டுக்கூடப் பேசவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரம் அவர்கள் இருவரும் ஆலோசகர் அறைக்கு அழைக்கப்பட்டார்கள். இருவருக்கும் அதே வெள்ளைத் தாள் கொடுக்கப்பட்டது. கடைசியில் உட்கார்ந்திருந்தவன் ஒன்பது வரி எழுதினான்.